பூக்காத பூஞ்சை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை மற்றவர்கள் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுவது மரியாதை. ராயபுரத்தில் பிறந்து, கோயில் மணிக்கும் துறைமுகச் சங்குக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். மெதுவாகப் பேச எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் பூஞ்சை பார்க்கிறேன். நகம், தோல், சளி, கண்ணிலிருந்து சுரண்டிய துணுக்கு என்று மேலே வார்டிலிருந்து எது வந்தாலும், அதில் வளர்வது எந்தப் பூஞ்சை என்று பேர் சொல்வது என் வேலை. பேர் தெரிந்தால்தான் சரியான மருந்து எழுத முடியும். வீட்டில் ரொட்டியில் பூஞ்சை பிடித்தால்கூட, தூக்கிப் போடுவதற்குமுன் என்னிடம் காட்டிவிட்டுத்தான் போடுவார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

பூஞ்சைக்குப் பேர் சொல்வது அதன் ஸ்போரை வைத்துத்தான். ஸ்போர் என்றால் அதன் விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் ஊற்றி உறையவைத்த சத்துக்கூழின்மேல் பூஞ்சை முதலில் வெள்ளையாகப் பஞ்சு கட்டும், பிறகு நிறம் பிடிக்கும், அப்புறம் ஸ்போர் போடும். செலோ டேப்பை அதன்மேல் லேசாக ஒற்றி எடுத்து, நீலச் சாயத்தில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஃபுசேரியத்தின் ஸ்போர் நுனி வளைந்த வாழைக்காய். அஸ்பெர்ஜில்லஸ் அச்சு அசலாக எங்கள் மாதா கோயிலில் சாமியார் தீர்த்தம் தெளிப்பாரே, அந்தக் குண்டுத் தலைக் கோல். அந்தக் கோலைப் பார்த்துத்தான் அதற்கு அந்தப் பேரே வைத்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் தண்ணீர் என் மேல் படும்போதெல்லாம் எனக்கு லேப் ஞாபகம் வரும். பாவம்தான், என்ன செய்வது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிறத்தை மட்டும் பார்த்து அவசரப்பட்டு ஒரு பேர் எழுதிக் கொடுத்தேன். தப்பு. எல்லார் முன்னாலும் அசடு வழிந்தேன். அன்றிலிருந்து ஸ்போரைக் கண்ணால் பார்க்காமல் பேர் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் ஆனாலும் சரி, யார் தொண்டை கிழியக் கத்தினாலும் சரி. "அவங்ககிட்ட ரிப்போர்ட் சீக்கிரம் வராது, வந்தா தப்பா வராது" என்று ஆஸ்பத்திரியில் பேர் வாங்கினேன். அந்தப் பேரைக் காப்பாற்றுவதே பிறகு ஒரு வேலையாகிவிட்டது.

மழைக்காலம் வந்தால் எங்கள் பாடு திண்டாட்டம். சுவர், கோப்பு, ஏசி, செருப்பு, எல்லாவற்றிலும் பூஞ்சை. காற்றில் மிதந்து வந்து எங்கள் தட்டுகளிலும் உட்கார்ந்துகொள்ளும். நோயாளியிடமிருந்து வராமல் காற்றிலிருந்து வந்து விழுந்ததை எங்கள் லேபில் 'கலீஜ்' என்போம். கலீஜ் எது, நிஜம் எது என்று பிரிக்கக் கண் சமாச்சாரத்தில் ஒரு வழி உண்டு. கண்ணில் சுரண்டியதைத் தட்டில் ஆங்கில 'சி' எழுத்தைப் போல வரிசையாக இழுத்து வைப்பார்கள். அந்தக் கோட்டின்மேல் வளர்ந்தால் அது கண்ணிலிருந்து வந்தது. கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் கலீஜ், போய்ச் சேர வேண்டிய இடம் குப்பை.

அந்த டிசம்பர் மழையில் அப்படி ஒரு தட்டு வந்தது. கூட வந்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: பெண், வயது ஐம்பத்திரண்டு, மீன் வெட்டும் தொழில், வலது கண்ணில் செதில் பட்டுப் புண். இடது கண்ணில் சிறு வயதிலிருந்தே பார்வை இல்லை. அனுப்பிய கண் டாக்டர் படிப்பை முடிக்கப்போகிற சின்னப் பெண். உடனே போனும் செய்தார். "மேடம், அந்தம்மாவுக்கு இருக்கிறதே அந்த ஒரு கண்ணுதான். கொஞ்சம் பாத்துக்கோங்க."

கண்ணில் சுரண்டியதில் ஒரு துணுக்கை முதல் நாளே நேராக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். இழைகள் தெரிந்தன. 'பூஞ்சை இழைகள் உள்ளன' என்று எழுதினேன். பூஞ்சைக்கான சொட்டு மருந்தை டாக்டர் அன்றே ஆரம்பித்துவிட்டார். இழைகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலம். இழைக்குள் குறுக்கே இருக்க வேண்டிய தடுப்புகளும் அங்கொன்று இங்கொன்றுதான். இதை நான் கவனித்தேன். எழுதவில்லை. பேர் சொல்லும்போது சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாளே 'சி' கோட்டின்மேல் ஏதோ வளர்ந்திருந்தது. கலீஜ் இல்லை, கண்ணிலிருந்து வந்ததுதான். ஆனால் பஞ்சு இல்லை. வடித்த கஞ்சி சிந்திக் காய்ந்த மாதிரி, தட்டோடு தட்டாக ஒரு படலம். மூன்றாம் நாள் அந்தப் படலம் பரவியிருந்தது, அப்போதும் பஞ்சு இல்லை, நிறம் இல்லை. சாயம் போட்டுப் பார்த்தேன். வெறும் இழை, ஒரு ஸ்போர்கூடக் கிடையாது. சரி, சோம்பேறிப் பூஞ்சை, மெதுவாகப் பூக்கும் என்று மூடி வைத்தேன்.

நான்காம் நாள் அந்த டாக்டர் மறுபடி போன் செய்தார். "மேடம், சொட்டு மருந்து கேக்க மாட்டேங்குது. புண்ணு பெருசாகுது. எந்தப் பூஞ்சைன்னு ஏதாவது சொல்ல முடியுமா?"

"ஸ்போர் வரணும் டாக்டர்."

"ஒரு ஊகமாவது?"

"ஊகம் வேணும்னா ஜோசியர்கிட்ட கேளுங்க. இது லேப்" என்று போனை வைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அன்று அது நல்ல பதிலாகத்தான் பட்டது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் லேபுக்கு ஆட்கள் வருவதில்லை. எண்கள்தான் வரும், புட்டியின்மேலும் தட்டின்மேலும் ஒட்டி. ஏழாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு எண் காலோடு நடந்து வந்துவிட்டது. வலது கண்ணில் பச்சைத் துணி கட்டிய ஒரு பெண்மணி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, கதவு நிலையில் நின்றார்.

"பூஞ்ச பாக்குறது யாருமா இங்க?"

"நான்தான். இன்னா வேணும்?" என்றேன். அந்தப் பேச்சைக் கேட்டதும் என் நாக்கும் தானாக வீட்டுப் பேச்சுக்குப் போய்விட்டது.

"தெனம் டாக்டரம்மா வந்து, லேபுல இன்னும் சொல்லல, லேபுல இன்னும் சொல்லலனு சொல்லிகினு கீது. எனுக்கு கண்ணுக்குள்ள நெருப்பு வெச்ச மாரி கீது. நீ இன்னா பண்ணிகினு கீற இங்க?"

"அக்கா, அது வளரணும். வளந்து பூத்தாதான் எதுனு சொல்ல முடியும்."

"வளர்ணுமா? அது என் கண்ணுல வளந்துகினுதான கீது. உன் தட்டுல வேற வளர்ணுமா?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும், வந்தது. தப்பை அவர் மேல் போடலாம் என்றுதான், சத்தியமாக அதற்காகத்தான், கேட்டேன். "செதிலு பட்டதும் நல்ல தண்ணில கழுவுனீங்களா, இல்லியா?"

"காசிமேடு மார்க்கெட்டுல எங்க தண்ணி? வூட்டுக்கு வந்துதான் கழுவுனேன். சடையங்குப்பத்துல கீது வூடு. உள்ள முட்டி வரிக்கும் மழத்தண்ணி. கொயாயும் முழுவிப் போச்சி. கட்டில் மேல நின்னுகினு அத்தயே மொண்டு ஊத்திகினேன். கலீஜ் தண்ணி இல்ல, ரெண்டு நாளு நின்னு தெளிஞ்ச தண்ணி."

மகள், "வா மா, போலாம்" என்று கையை இழுத்தாள். அவர் நகரவில்லை. பார்வையில்லாத அந்த இடது கண்ணை என் பக்கம் திருப்பினார்.

"கண்ணு வர்ட்டும். உன் மூஞ்ச ஒரு தபா பாத்து வெச்சிக்கிறேன். அப்பால பேசிக்கிறேன் உன்ன."

அவர் போனபிறகும் அந்தத் தண்ணீர் என்னைவிட்டுப் போகவில்லை. சீட்டில் செதில் இருந்தது, தண்ணீர் இல்லை. சீட்டில் இல்லாததை நான் கேட்டதும் இல்லை. பல வருடம் முன்பு ஒரு பயிற்சியில், தண்ணீரில் வாழும் ஒன்றைப் பற்றி யாரோ பேசினார்கள். பித்தியம் என்று பேர். பார்க்கப் பூஞ்சை மாதிரியே இழைவிடும், ஆனால் பூஞ்சை சாதியே இல்லை. பூஞ்சை மருந்து அதை ஒன்றும் செய்யாது. அகல இழை, தடுப்பு குறைவு, தட்டில் பஞ்சு கட்டாது, நாம் காத்திருக்கும் ஸ்போரை ஒருநாளும் போடாது. நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். தேடி எடுத்துப் பார்த்தபோது என் கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. மூன்று வாரம் இல்லை, மூன்று வருடம் காத்திருந்தாலும் அந்தத் தட்டு பூத்திருக்காது.

அதைக் கண்டுபிடிக்கும் வழியும் நோட்டில் இருந்தது. புல் வேண்டும். கொதிக்கவைத்த புல்லை அதன் பக்கத்தில் வைத்தால் ஏறிக்கொள்ளும். பிறகு உப்புச்சத்து கலந்த தண்ணீரில் அந்தப் புல்லைப் போட்டால், பித்தியமாக இருந்தால், நீந்துகிற வித்துகளை வெளியே விடும். சரி, புல்லுக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரி வளாகம் முழுக்க சிமென்ட். சிமென்ட் இல்லாத இடத்தில் மழைத் தண்ணீர். தண்டவாளத்தோரம் முளைத்திருந்ததில் கரியும் எண்ணெயும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பிள்ளையார் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவின் தட்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமைதோறும் மாதாவுக்கு நான் அவரிடம்தான் பூ வாங்குவேன்.

"அருகம்புல்லு ஒரு கைப்பிடி குடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாமா, எங்காளு பக்கம் வந்துட்ட?"

"ஒருத்தங்க கண்ணுக்கு வேணும்."

"கண்ணுக்கா? அப்போ இன்னும் கொஞ்சம் எத்துக்கோ" என்று இரண்டு கைப்பிடி வைத்துக் கட்டினார். அவர் நினைத்தது வேறு, நான் சொன்னது வேறு. திருத்திக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

அன்று மாலைக்குள் புல்லைக் கழுவி, நறுக்கி, கொதிக்கவைத்து, அந்தப் படலத்தின்மேல் வரிசையாக அடுக்கி இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை புல்துண்டுகளைத் தண்ணீருக்கு மாற்றினேன். ஒரு மணி நேரம், ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம், ஒன்றுமில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். இழையின் நுனியில் ஒரு சின்ன பலூன் ஊதியிருந்தது. உள்ளே ஏதோ கொதிக்கிற மாதிரி துடிப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலூன் உடைந்தது. உள்ளே இருந்தவை வெளியே வந்து, நாலா பக்கமும் நீந்திப் போயின.

இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்த பூஞ்சை எதுவும் நீந்தியதில்லை. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், வெட்கத்தோடு சொல்கிறேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். எழுந்த பிறகுதான் நாள் கணக்கு மனதில் ஓடியது. இன்று எட்டாம் நாள்.

போன் செய்யாமல் நானே வார்டுக்கு ஏறிப்போனேன். அந்தச் சின்ன டாக்டர் படிக்கட்டிலேயே எதிரே வந்தார். "பூஞ்சை இல்லை டாக்டர், பித்தியம். பூஞ்சை மருந்தை நிறுத்துங்க. பாக்டீரியாவுக்குக் கொடுக்கிற சொட்டு மருந்துல சிலது இதுக்குக் கேக்கும்" என்றேன்.

"இது எப்பத் தெரிஞ்சிருக்கும் மேடம்?"

"மூணாம் நாள். நான் சந்தேகப்பட்டிருந்தா."

அன்று நான் சொன்ன ஜோசியர் பேச்சை வைத்தாவது அவர் என்னைக் குத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல் வார்டுக்குள் ஓடினார்.

மருந்தை மாற்றியதும் புண் வளர்வது நின்றது. ஆனால் கருவிழி நடுவில் மெலிந்து ஓட்டையாகும் நிலைக்கு வந்திருந்தது. வேறொருவர் தானம் செய்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள். கண் உருண்டை தப்பியது. பார்வை எவ்வளவு வரும் என்று போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்கப் பயம், அதுதான் விஷயம். காசிமேட்டுப் பக்கமே போகாமல், மூன்று மாதம் தெருவில் கூடையோடு வருபவரிடம் மீன் வாங்கினேன். வீட்டில், "இன்னா, மார்க்கெட்டு மேல கோவமா?" என்று கேட்டார்கள்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மனது கேட்கவில்லை. காலையில் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். மார்க்கெட்டில் மீன் வெட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கத்தி மகளின் கையில் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையால் தடவித் தடவி செதில் மட்டும் உரசிக்கொண்டிருந்தார். ஒரு கிலோ சங்கரா மீன் வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"சுத்தம் பண்ணிக் குடுங்க அக்கா."

உரசிக்கொண்டிருந்த கை நின்றது. "இந்தக் கொரல எங்கியோ கேட்டுகீறேன்."

"லேபு. பூஞ்ச பாக்குறவ."

நான் மனப்பாடம் செய்ததில் பாதி மறந்துவிட்டது. மிச்சத்தைச் சொன்னேன். "தப்பு என் மேலதான் அக்கா. அது பூக்கட்டும் பூக்கட்டும்னு சும்மா வெச்சிகினு இருந்தேன். அது பூக்கவே பூக்காதுனு மூணாம் நாளே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அன்னிக்கே பாத்திருந்தா உங்க கண்ணு தப்பிச்சிருக்கும்."

மகள் கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவர் நான் கொண்டுபோன சங்கராவில் ஒன்றை எடுத்தார். செவுளுக்குள் விரலை விட்டார்.

"இது நேத்து மீனு. எப்டி தெரியும் எனுக்கு? செவுள்ள வெரல வெச்சாலே தெரியும். நாத்தம் வர்ட்டும், அப்பால சொல்றேன்னு நான் குந்திகினு இருந்தா எவனாச்சும் என்னாண்ட வருவானா?"

"வர மாட்டான்."

"நீ நாத்தம் வர்ற வரிக்கும் குந்திகினு இருந்த."

"ஆமாக்கா."

மறுபடி செதில் உரச ஆரம்பித்தார். இரண்டு மீன் முடிந்தன. பிறகு, "இப்போ இன்னா பண்ற?" என்றார்.

"இப்ப மூணாம் நாளு பஞ்சு கட்டலேனா உடனே புல்லு வெச்சிடறேன். தண்ணில கழுவுனாங்களானு டாக்டர்கிட்ட கேட்டுகினுதான் தட்டையே தொடறேன்."

"அப்பால யார்னா தப்பிச்சாங்களா?"

"ஒருத்தரு. எண்ணூர்ல ஆத்துல எறங்கி எறா புடிக்கிறவரு."

"ரெண்டு கண்ணும் கீதா அவனுக்கு?"

"கீது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மீனைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டார், ஆனால் கொடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "கிட்ட வா. உன் மூஞ்ச பாத்து வெச்சிக்கிறேன்னு சொன்னேன்ல."

ஈரத்தில் முட்டி போட்டுக் குனிந்தேன். அவர் வாயிலிருந்த பாக்கு வாசனை எனக்குத் தெரிகிற அளவுக்குக் கிட்டே போனேன். தைத்த விழி பால் விட்ட தண்ணீர்போல் கலங்கியிருந்தது. வலமும் இடமும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"தல தெரியுது. மூஞ்சி தெர்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமில்லாமல்தான் அழுதேன், அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவரை என் கையில் திணித்தார்.

"அந்த எண்ணூராளு, அவன் எப்டி இருப்பான்?"

"தெரியாதுக்கா. அவரு தட்டுதான் என்னாண்ட வந்துச்சி. ஆள நான் பாக்கல."

"போய்ப் பாரு" என்றார். "என்னாலதான் உன்ன பாக்க முடியல. அவனையாச்சும் நீ போய்ப் பாரு."

திங்கட்கிழமை கண் பிரிவில் மறுபரிசோதனை நாள். லேபை ஒரு மணி நேரம் மற்றவர்களிடம் விட்டுவிட்டு மேலே போனேன். வரிசையில் அந்த எண்ணூர்க்காரர் யார் என்று அந்தச் சின்ன டாக்டரைக் கேட்டேன், காட்டினார். கறுத்து மெலிந்த மனிதர், காலில் சேறு காய்ந்திருந்தது. சுவரில் ஒட்டியிருந்த ஏதோ அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன். அவர் படிப்பதை விட்டுவிட்டு, இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, அப்டி பாக்குற?" என்றார்.